பாறைமேல் கொட்டிய மண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மே மாதம் மிலான் போகிறோம். ஒரு நாளை மாஜோரே ஏரிக்கு ஒதுக்கியிருக்கிறேன். போரோமியோ தீவுகள் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா? ஈசோலா பெல்லா அரண்மனைக்கு டிக்கெட் எடுக்கத்தான் வேண்டுமா? படங்களில் வெறும் பிரபுக் குடும்பத்துப் பகட்டாகத் தெரிகிறது. தோட்டத்தை மட்டும் வெளியே சுற்றிப் பார்த்தால் போதாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தீவுகளுக்குப் படகு ஏறும் ஏரிக்கரை ஊர் ஸ்த்ரேசா. மிலானிலிருந்து அங்கே ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து படகுத்துறைக்குப் பத்து நிமிட நடை, இறக்கம்தான். தனியார் மோட்டார் படகுக்காரர்கள் வழியிலேயே கூப்பிடுவார்கள். அவர்கள் தரும் டிக்கெட் பொதுப் படகில் செல்லாது. காலை முதல் படகிலேயே ஈசோலா பெல்லாவுக்குப் போய்விடுங்கள். சுற்றுலா பஸ்கள் வந்துவிட்டால் அறைகளுக்குள் நகர முடியாது.

வெளியே சுற்றிப் பார்க்க அங்கே வழியே கிடையாது. தோட்டத்துக்குப் பாதை அரண்மனைக்குள்தான். டிக்கெட் இல்லாவிட்டால் துறையை ஒட்டிய சந்துகளும் கடைகளும்தான் மிச்சம்.

பகட்டு என்கிறீர்களே, அதுதான் மனதை உறுத்துகிறது. பகட்டுதான், யார் இல்லை என்றார்கள்? போரோமியோ குடும்பத்து மூன்றாம் கார்லோ 1632-இல் தன் மனைவி இசபெல்லாவுக்காகத் தொடங்கிய மாளிகை அது. ஆனால் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாமா? அதற்குமுன் அங்கே இருந்தது மொட்டைப் பாறையும் சில மீனவர் வீடுகளும். செடி வைக்க ஒரு பிடி மண் கிடையாது. கரையிலிருந்து படகு படகாக மண் கொண்டுவந்து கொட்டி, கல்வளைவுகள்மேல் பத்து அடுக்குத் தோட்டம் எழுப்பினார்கள். வளைவுமேல் பரப்பிய மண்ணில் ஈரம் நிற்காது. சுற்றிலும் ஏரி, செடியோ உயரத்தில். அதனால் நீரை மேலேற்றும் பொறிக்கென்றே ஒரு கோபுரம் கட்டினார்கள். நோரியா கோபுரம் என்றே அதற்குப் பெயர்; நோரியா என்றால் நீர் இறைக்கும் சக்கரம். தோட்டத்தின் கோடியில் நிற்கிறது. தோட்டத்து உச்சியில் நிற்கும் ஒற்றைக்கொம்புக் குதிரைச் சிலையை மட்டும் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

இன்னொன்று. அரண்மனையும் தோட்டமும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. பாறை விட்ட இடத்தில்தானே கட்ட முடியும்? அந்தக் கோணலை மறைக்கவே டயானா முற்றம். பலகோணச் சுவர், அதன் நடுவே ரோமானிய வேட்டைத் தெய்வம் டயானாவின் சிலை, இருபுறமும் வளைந்தேறும் படிகள். ஏறி மேலே வரும்போது நம் திசை மாறியிருக்கும், கால் அதை உணராது. முற்றத்தின் நடுவில் நின்று, வந்த வாசலையும் போகும் படியையும் மாறி மாறிப் பாருங்கள், கோணல் பிடிபடும்.

நெப்போலியன் தங்கிய அறை, வெள்ளை மயில்கள் எல்லாம் தானாகக் கண்ணில் படும். நேரத்தைக் கீழ்த்தளக் குகையறைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடை வெக்கைக்கு ஒதுங்க ஏரி மட்டத்தை ஒட்டி அமைத்த ஆறு அறைகள். சுவர், கூரை எங்கும் கூழாங்கல், ஒவ்வொன்றாகக் கையால் பதித்தது. கறுப்பு வெள்ளைக் கோடுகளை ஓரிடத்திலாவது கிட்டத்தில் நின்று பாருங்கள், எஸ். அப்புறம் பகட்டு என்று எழுதுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று தீவு கேட்டிருந்தீர்கள். மீனவர் தீவில் சாப்பிட மட்டும் இறங்குங்கள். மதியத்துக்குமேல் ஈசோலா மாத்ரே. அங்கே ஒரு காஷ்மீர் சைப்ரஸ் நிற்கிறது. 2006 சூறைக்காற்று வேரோடு சாய்த்த மரம். தூக்கி நிறுத்தி இரும்புக் கம்பிவடங்களால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த வடங்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள்.