டாலர் எந்த வழியாக வருகிறது? பொருளாதாரத் தடைகள் பற்றிக் கேள்வி பதில்

மதுரையில் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சர்வதேசத் தடைகள் பற்றி வந்த கேள்விகளில் நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

கப்பலூர், ரப்பர் தொழில்: சார், துபாய் பார்ட்டிக்கு கேஸ்கெட் அனுப்பினேன். பணம் நடுவழியில் நிற்கிறது. சரக்கு கடைசியில் யாருக்குப் போகிறது என்று வங்கியில் கேட்கிறார்கள். அமெரிக்கத் தடையை இந்தியா ஏற்கவில்லையே, பிறகு என்ன?

ஏற்கவில்லைதான். ஐ.நா. பாதுகாப்புச் சபையின் தடைக்கே நாம் கட்டுப்பட்டவர்கள். அதை அமல்படுத்த 1947-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. ஆனால் நீங்கள் பில் போட்டது டாலரில். அந்த டாலர் பெரும்பாலும் நியூயார்க்கில் ஒரு வங்கிக் கணக்கைத் தொட்டுவிட்டுத்தான் உங்களிடம் வரும். அங்கே அமெரிக்கச் சட்டம் உட்கார்ந்திருக்கிறது. சரக்கு தடைக்கு உள்ளானவரிடம் போனால் வங்கியும் மாட்டிக்கொள்ளும். பிரான்சின் பி.என்.பி. பாரிபா வங்கி சூடான், ஈரான், கியூபா சம்பந்தப்பட்ட டாலர் பரிமாற்றங்களுக்காக 2014-ல் ஒப்புக்கொண்ட அபராதம் கிட்டத்தட்ட 897 கோடி டாலர். அதைப் பார்த்த எந்த வங்கி உங்களுக்காகத் துணியும்? சரக்கைக் கடைசியில் பயன்படுத்துவது யார் என்று துபாய்க்காரரிடம் எழுதி வாங்குங்கள். மழுப்பினால் அடுத்த ஆர்டரை எடுக்காதீர்கள்.

திருமங்கலம், சட்ட மாணவி: ஐயா, நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. அதிகாரிகள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள்?

சிரமப்பட்டுத்தான் அம்மா. ஐரோப்பிய ஒன்றியத்தையே பாருங்கள். தடையை முடிவு செய்வது பிரஸ்ஸல்ஸில், அமல்படுத்துவது 27 நாடுகள். மீறினால் ஒரு நாட்டில் சிறை, இன்னொன்றில் வெறும் அபராதம் என்று இருந்தது. எல்லா நாடுகளும் அதைக் குற்றமாக்க வேண்டும் என்ற உத்தரவே 2024-ல்தான் வந்தது. ரஷ்யா விஷயத்தில் அமெரிக்கா, ஒன்றியம், பிரிட்டன், ஜப்பான் நால்வரும் சேர்ந்து, அங்கே போகவே கூடாத சரக்குகளுக்கு 50 சுங்கக் குறியீடுகள் (சரக்கு வகையைக் காட்டும் எண்கள்) கொண்ட பொதுப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். பால் பேரிங் கூட அதில் உண்டு. 2022-க்கு முன் அந்தச் சரக்கை அதிகம் வாங்காத நாடு திடீரென்று வாங்கிக் குவித்தால், ரஷ்யாவுக்குத் திருப்பிவிடுகிறார்களோ என்று அங்கேதான் கண் போகும்.

நம் பக்கம், ஐ.நா.வின் பயங்கரவாதப் பட்டியல் வெளியுறவு அமைச்சகம், ரிசர்வ் வங்கி வழியாக வங்கிகளுக்கு வரும். பெயர் பொருந்தினால் 24 மணி நேரத்துக்குள் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

சிம்மக்கல்: அண்ணன் சவுதியிலிருந்து அனுப்பிய பணம் நிற்கிறது. பெயர் ஏதோ பட்டியலோடு ஒத்துப்போகிறதாம். பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் தம்பி, இது வாரம் ஒன்றாவது வரும். ஒரே அரபிப் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். கம்ப்யூட்டர் ஏறத்தாழ ஒத்துப்போனாலே பிடித்துவிடும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, வங்கியில் வெறும் இனிஷியல். பிறந்த தேதி, பாஸ்போர்ட் நகல், இனிஷியலின் விரிவு மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு கிளையில் ஒருவரின் பணம் 11 நாள் கிடந்தது. பிறந்த வருடத்தைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பட்டியலில் இருந்தவருக்கு வயது இருபது கூடுதல்!

மேலூர், கிரானைட்: கல்லுக்குமா தடை? ரூபாயில் பில் போட்டால் தப்பிக்கலாமா?

கல்லை விடுங்கள், வாங்குபவரைப் பாருங்கள். அமெரிக்காவின் தடைப் பட்டியலில் இருப்பவர்களுக்குச் சேர்த்து 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால், பெயர் பட்டியலில் இல்லாத கம்பெனியும் அமெரிக்க விதிப்படி தடைக்குள் வந்துவிடும். ஏற்றுமதிப் பணத்தை ரூபாயில் பெற 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி வழி செய்தது. நியூயார்க் தொல்லை போகும். ஆனால் தடைக்கு உள்ளானவரோடு வியாபாரம் செய்த வெளிநாட்டவரையே பட்டியலில் சேர்க்கும் அதிகாரமும் அமெரிக்காவிடம் இருக்கிறது. அப்புறம் உங்கள் மற்ற டாலர் ஆர்டர்களும் போய்விடும்.