சேற்றுத்தரையில் விரித்த துணி

அன்புள்ள ஐயா,

மெதுகளிமண் தரையில் ஐந்து மீட்டர் உயரச் சாலைக்கரை எழுப்புவதுதான் என் எம்.இ. புராஜெக்ட். கணினி மாடலில், அடியில் ஜியோடெக்ஸ்டைல் துணி (மண்ணுக்கு வலுவூட்ட விரிக்கும் செயற்கை இழைத் துணி) வைத்ததும் கரை சரியாமல் நிற்கிறது. ஆனால் கரை கீழே இறங்கும் அளவு அநேகமாகக் குறையவே இல்லை. மாடலில் தவறு செய்துவிட்டேனா?

க.

அன்புள்ள க.,

தவறில்லை. கரையின் எடையைத் துணி குறைப்பதில்லையே. களிமண்ணிலிருந்து தண்ணீர் பிழிந்து வெளியேற வெளியேற, தரை இறங்கத்தான் செய்யும். கரை மண் இரு பக்கமும் விரியப் பார்க்கும். அந்த இழுப்பைத் துணி வாங்கிக்கொள்கிறது. அப்புறம் களிமண்ணுக்கு எடையைத் தாங்கும் வேலை மட்டும்தான்.

நெதர்லாந்தின் அல்மேரேயில் 1979-இல் இப்படிப்பட்ட இரண்டு கரைகளை வேண்டுமென்றே சரியவைத்துப் பார்த்தார்கள். துணியில்லாத கரை 1.75 மீட்டரில் சரிந்தது. துணி வைத்தது 2.75 மீட்டர் வரை போனது. ஒரு துணிக்கு ஒரு மீட்டர்! 1984-இல் ரோ, சோடர்மன் என்ற ஆய்வாளர்கள் இந்த இரு கரைகளையும் ஃபைனைட் எலிமென்ட் மாடலில் (மண்ணைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி மாடல்) போட்டுப் பார்த்தார்கள், நன்றாகவே ஒத்துப்போனது.

ஆனால் அது விடை தெரிந்த பிறகு போட்ட கணக்கு. மலேசியாவின் மூவாரில், துணியில்லாத ஒரு சோதனைக் கரை எந்த உயரத்தில் சரியும் என்று வல்லுநர்களிடம் முன்கூட்டியே கேட்டார்கள். எல்லோர் கையிலும் ஒரே மண் விவரம்தான், கணிப்புகளோ வெகுவாகச் சிதறின. கரை 5.4 மீட்டரில் சரிந்தது. களிமண்ணின் வலு என்று எந்த எண்ணை எடுப்பது, மேலே காய்ந்து இறுகிய அடுக்கை எவ்வளவு நம்புவது என்பதில் ஆளுக்கொரு முடிவு எடுக்க இடமிருக்கிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் யோசிக்கவைத்த சோதனை இதுதான்.

அதனால் உங்கள் மாடலில் களிமண்ணின் வலுவை இருபது சதவீதம் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல் அடுக்கடுக்காக ஏற்றுங்கள். துணியில் வரும் விசையை அது அறுந்துபோகும் வலுவோடு ஒப்பிட வேண்டாம். துணி பத்து சதவீதம் நீளும் முன்பே சில களிமண்கள் உடைந்துவிடும். அந்தச் சிறிய நீட்சியில் துணி எவ்வளவு இழுக்கிறது என்பதே கணக்கு.

இன்னொன்று. களிமண்ணின் வலுவை வேன் ஷியர் சோதனையில் (இறக்கைத் தகடுகளை மண்ணில் செருகித் திருகிப் பார்ப்பது) எடுத்திருந்தால், பியெரும் (Bjerrum) என்ற ஆய்வாளர் 1972-இல் தந்த திருத்தத்தைப் போட்டீர்களா? பிளாஸ்டிசிட்டி, அதாவது ஈரத்தில் குழையும் தன்மை, அதிகமுள்ள களிமண்ணில் அந்தச் சோதனை வலுவைக் கூடுதலாகக் காட்டும். திருத்திய எண்ணைப் போட்டும் கரை நிற்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.