சென்னை மொட்டை மாடியிலிருந்து வானத்தைப் படம் எடுக்கத் தொடங்க டெலஸ்கோப் வாங்க வேண்டுமா?

வேண்டாம். முதல் வருடம் டெலஸ்கோப் பக்கமே போகாதீர்கள். லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய பழைய டிஎஸ்எல்ஆர், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், ஆடாத ட்ரைபாட், தானாகவே அடுத்தடுத்து ஷட்டரை அழுத்தும் இன்டர்வலோமீட்டர், இவ்வளவு போதும். விலை குறைந்த டெலஸ்கோப்போடு வரும் ஸ்டாண்ட் பெரும்பாலும் கேமராவின் எடையைத் தாங்காது. லேசாகக் காற்றடித்தாலே விண்மீன்கள் கோணல்மாணலாகப் பதியும்.

முதல் இலக்காக ஓரியன் விண்மீன் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். சிவந்த திருவாதிரையைக் கண்டுபிடித்தால், அதற்குத் தெற்கே வரிசையாக மூன்று விண்மீன்கள். அவற்றுக்கும் தெற்கே புகைபோல மங்கலாக இருப்பது ஓரியன் நெபுலா என்னும் வாயு, தூசி மேகம். நாம் 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், பிப்ரவரி நடுவில் இரவு 8 மணிக்கு அது 70 பாகைக்கு மேல் நிற்கும். அவ்வளவு உயரத்தில் தூசியும் நகர வெளிச்சமும் குறைவு. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை.

ஷட்டர் நேரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். 500-ஐ லென்ஸின் குவியத் தொலைவால் வகுக்கும் பழைய கணக்கு, சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ.யை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக எடுத்துக்கொள்வதால் ஆறரை விநாடி தரும். ஆனால் 24 மெகாபிக்சல் சென்சாரில் ஓரியன் பகுதி விண்மீன்கள் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு பிக்சல் நகர்கின்றன. ஆறு விநாடி விட்டால் புள்ளி கோடாகிவிடும். 3 விநாடி, எஃப் 2.8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600, சுருக்காத மூலப் பதிவான ரா ஃபார்மட் என்று தொடங்குங்கள். படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் மேடு இடமிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குள் இருக்கட்டும். நடுவைத் தாண்டினால் ஐஎஸ்ஓவை 800 ஆக்குங்கள்.

ஃபோகஸ் செய்ய லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்பாதீர்கள். கேமராவின் பின்திரையில் தெரியும் லைவ் வியூவில் பிரகாசமான விண்மீனைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தைத் திருப்பி, டேப் ஒட்டிவிடுங்கள். கை நடுக்கத்தைச் சமன்செய்யும் இமேஜ் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

இப்படி 200 படம் எடுத்தால் மொத்தம் 10 நிமிட ஒளி. வானம் மணிக்கு 15 பாகை நகர்வதால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சட்டகத்தைச் சரிசெய்ய வேண்டும். முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஷட்டர், அதே ஐஎஸ்ஓவில், அங்கேயே 20 இருட்டுப் படங்கள் (டார்க் ஃபிரேம்) எடுங்கள். சென்னையின் இரவு வெப்பத்தில் சென்சார் சூடாகி இரைச்சல் கூடும். அதைக் கழிக்கத்தான் இது, தவிர்க்கவே கூடாது. பிறகு சீக்வேட்டர், டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் ஆகிய இலவச மென்பொருள்களில் ஒன்றில் எல்லாப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள். படங்கள் நான்கு மடங்கானால் இரைச்சல் பாதியாகும். நகர வெளிச்சம் தரும் ஆரஞ்சு மூட்டத்தைச் சிரிலின் பின்னணி நீக்கும் வசதி நன்றாகக் குறைக்கும். எல்இடி தெருவிளக்குகள் எல்லா நிறத்திலும் ஒளி விடுவதால், லைட் பொல்யூஷன் ஃபில்டருக்குப் பணம் போடுவது இப்போதைக்கு வீண்.

ஈரப்பதம் இங்கே பெரிய தொல்லை. ஏசி அறையிலிருந்து கேமராவை அப்படியே மாடிக்குக் கொண்டுபோனால் குளிர்ந்த கண்ணாடியில் உடனே நீர் படியும். காற்றுப் புகாத கவரில் போட்டு எடுத்துச் சென்று, அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். தை, மாசிப் பனிக்கு லென்ஸைச் சுற்றி பவர் பேங்கில் ஓடும் யூஎஸ்பி ஹீட்டர் பட்டை கட்டலாம். வீட்டில் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் பூஞ்சை வரும். கடற்கரையில் எடுப்பதைவிட மாடியே மேல், உப்புக் காற்று கருவிகளை அரிக்கும்.

பால்வீதி நகருக்குள் கிடைக்காது. அதற்கு ஜவ்வாது மலைப் பக்கம் போக வேண்டும். 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கும் காவலூர் அங்கேதான். மார்ச், ஏப்ரலில் அமாவாசையை ஒட்டிய நாட்களில், விடியலுக்கு முன் தென்கிழக்கிலும் தெற்கிலும் பாருங்கள்.

வானத்தின் நகர்வைத் தொடரும் ஸ்டார் டிராக்கரை அதற்குப் பிறகு வாங்கலாம். அதைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்த வேண்டும். சென்னையில் அது 13 பாகை உயரத்தில்தான் இருக்கும், பக்கத்துக் கட்டடமே மறைத்துவிடும். வாங்குமுன் உங்கள் மாடியின் வடக்குப் பக்கம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.