ராபர்ட் ஹோரிக்கு என் ஓட்டு இல்ல

கடிதம்:

வணக்கம் சார்,

பழைய லேக்கர்ஸ் டிஃபெண்டர் மைக்கேல் கூப்பர 2024ல பாஸ்கெட்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல (பெரிய ஆட்டக்காரங்களுக்கான கௌரவப் பட்டியல்) சேத்தது சரிதான்னு எழுதியிருந்தீங்க. சந்தோஷம். ஆனா அதே நியாயம் ராபர்ட் ஹோரிக்கு ஏன் இல்ல? ஏழு ரிங் சார், அதாவது ஏழு என்பிஏ சாம்பியன்ஷிப். ஜோர்டன விட ஒண்ணு ஜாஸ்தி. ஹூஸ்டன்ல ரெண்டு, லேக்கர்ஸ்ல மூணு, ஸ்பர்ஸ்ல ரெண்டு. அந்தக் காலத்து பாஸ்டன் செல்டிக்ஸ்ல ஆடுனவங்கள தவிர வேற யார்கிட்டயும் இவ்ளோ கிடையாது. மேட்சுக்கு ஆவரேஜ் வெறும் 7 பாயிண்ட்னு சொல்லுவீங்க, பழைய செல்டிக்ஸ் ஆளு கே.சி. ஜோன்ஸுக்கு 7.4 தான, அவரு 1989லயே உள்ள போய்ட்டாரே? 2002ல சாக்ரமென்டோ மேட்ச், 2005ல டெட்ராய்ட் மேட்ச், அதுல கடைசில ஹோரி போட்ட அந்த ரெண்டு ஷாட் விழலன்னா ரெண்டு சாம்பியன்ஷிப்போட கதையே வேற. இதே மாதிரி கடைசி நேர ஷாட்டுக்கு பேர் போன டெரக் ஃபிஷர், ஸ்டீவ் கெர் பத்தியும் என்ன நினைக்கறீங்கன்னு சொல்லுங்க.

உங்க வாசகன்

பதில்:

வணக்கம்.

ரோல் பிளேயருக்கு, அதாவது ஸ்டார் இல்லாம டீம்ல குறிப்பிட்ட வேலைய பண்ற ஆளுக்கு, ஹால் ஆஃப் ஃபேம்ல இடம் உண்டான்னு கேட்டா தாராளமா உண்டு. கடைசி செகண்ட் ஷாட்டுக்காக இடம் குடுக்கலாமான்னு கேட்டா கூடாதுன்னுதான் சொல்லுவேன். நீங்க ரெண்டையும் ஒண்ணா போட்டு கேக்கறீங்க, எனக்கு அங்கதான் ஒத்து வரல.

அந்த சாக்ரமென்டோ ஷாட்டையே எடுத்துக்குங்க. வெஸ்டர்ன் ஃபைனல்ஸ் (என்பிஏ ஃபைனல்ஸுக்கு முந்தின ரவுண்டு, நாலு மேட்ச் ஜெயிக்கணும்) நாலாவது மேட்ச், சீரிஸ்ல லேக்கர்ஸ் 2-1 பின்னாடி, அந்த மேட்ச்லயும் ஒரு கட்டத்துல 24 பாயிண்ட் பின்தங்கி அப்புறம் தட்டுத்தடுமாறி எழுந்து வந்து கடைசி செகண்டுகள்ல ஸ்கோர் 99-97, இன்னும் சாக்ரமென்டோதான் முன்னாடி. லேக்கர்ஸ் ஸ்டார் கோபி பிரையன்ட் உள்ள புகுந்து போட்டது விழல, திரும்பி வந்த பந்த எடுத்து இன்னொரு ஸ்டார் ஷாக் ஓ'நீல் போட்டதும் விழல, பந்த எப்படியாவது கூட்டத்துல இருந்து வெளிய தள்ளிட்டா நேரம் முடிஞ்சிரும்னு சாக்ரமென்டோவோட விளாடே டிவாச் தட்டி விட்டாரு, அது நேரா த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு (அங்க இருந்து போட்டா மூணு பாயிண்ட்) வெளிய தனியா நின்னுட்டு இருந்த ஹோரி கைக்கு போச்சு. 100-99. அப்புறம் ஏழு மேட்ச் வரை இழுத்து லேக்கர்ஸ் ஜெயிச்சாங்க. அது லக்குன்னு டிவாச் சொன்னாரு, நான் கெரியர் பூரா இதத்தான பண்றேன்னு ஹோரி சொன்னாரு. பந்து அங்க வந்தது லக்குதான், வந்த பந்த கை நடுங்காம போட்டது ஹோரியோட தெறம, ரெண்டும் உண்மை. (தட்டி விட்ட டிவாச் 2019ல ஹால் ஆஃப் ஃபேமுக்கே போய்ட்டாரு, தட்டி விட்டதுக்காக இல்லன்னு நம்பறேன்.)

ஆனா ஹோரி ஏன் தனியா நின்னாரு? ஷாக்கும் கோபியும் அந்த பக்கம் அஞ்சு பேரையும் உள்ள இழுத்து வெச்சிருந்தாங்க, அதனால. ஹோரி ஸ்பர்ஸுக்கு ஆடுன 2005 ஃபைனல்ஸ் அஞ்சாவது மேட்ச்லயும் அதே கதை, சீரிஸ் 2-2, ஓவர்டைம், சைடுல இருந்து பந்த ஸ்பர்ஸ் ஸ்டார் ஜினோபிலிக்கு குடுத்தது ஹோரி, குடுத்தவன அப்படியே விட்டுட்டு டெட்ராய்ட்டோட ரஷீத் வாலஸ் ஜினோபிலிய ரெண்டாவது ஆளா சேந்து மடக்க ஓடுனாரு, பந்து திரும்பி ஹோரிகிட்ட வந்துச்சு, த்ரீ விழுந்துச்சு, 5.8 செகண்ட் மிச்சம், ஸ்பர்ஸ் 96-95. அன்னிக்கு ஹோரி 21 பாயிண்ட், மூணாவது குவார்ட்டர் முடியற வரைக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுமே அடிக்காம இருந்துட்டு. பிரமாதமான ஆட்டம், மறுக்கவே மாட்டேன். ஆனா வாலஸ் மாதிரி ஒரு டிஃபெண்டர் யார விட்டுட்டு யார்கிட்ட ஓடுனாருன்னு பாருங்க. அவரு பயந்தது ஜினோபிலிக்கு.

இப்ப நீங்க கடிதத்துல தொடாம தாண்டிப் போன வருஷம், 2003. அந்த ப்ளேஆஃப் (ரெகுலர் சீசனுக்கு அப்புறம் நடக்கற நாக்அவுட் சுத்து) பூரா ஹோரி 38 த்ரீ போட்டாரு, விழுந்தது 2. ரெண்டே ரெண்டு. ஸ்பர்ஸுக்கு எதிரா அஞ்சாவது மேட்ச்ல லேக்கர்ஸ் 25 பாயிண்ட் பின்னாடி இருந்து துரத்திட்டு வந்து கடைசி ஷாட் இவரு கைக்குத்தான் வந்துச்சு, அதே மாதிரி ஃப்ரீயா, பந்து வளையத்துக்குள்ள பாதி போயி சுத்திட்டு வெளிய வந்துருச்சு, 96-94 தோல்வி, அடுத்த மேட்ச்ல சீரிஸே போச்சு, அந்த சம்மர்ல லேக்கர்ஸ் அவர விட்டுட்டாங்க. அது மட்டும் விழுந்திருந்தா இன்னிக்கு யூட்யூப்ல ஹோரி வீடியோ இன்னும் ஒரு நிமிஷம் நீளமா இருக்கும், அவ்ளோதான், ஆளு அதே ஆளு. வளையத்துல அரை இன்ச் இந்த பக்கமா அந்த பக்கமாங்கறத வெச்சு ஒருத்தர ஹால் ஆஃப் ஃபேமுக்கு அனுப்பறதும் அனுப்பாததும் முடிவாகுதுன்னா அது எனக்கு சரியா படல.

கே.சி. ஜோன்ஸ் விஷயத்துல நீங்க 7.4ங்கற ஒத்த நம்பர மட்டும் புடிச்சுக்கிட்டீங்க. அமெரிக்காவுல ஸ்பிரிங்ஃபீல்ட்ல இருக்கறது என்பிஏவோட ஹால் ஆஃப் ஃபேம் கிடையாது, மொத்த பாஸ்கெட்பாலுக்கும் உள்ளது. காலேஜ், ஒலிம்பிக்ஸ், வெளிநாட்டு லீக் எல்லாம் கணக்குல வரும். ஜோன்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோ யுனிவர்சிட்டில பின்னாடி செல்டிக்ஸ் ஜாம்பவான் ஆன பில் ரஸ்ஸலோட சேந்து 1955, 1956 ரெண்டு வருஷமும் காலேஜ் சாம்பியன், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ்ல தங்கம், அப்புறம் செல்டிக்ஸ்ல ஒம்பது சீசன் ஆடி எட்டு ரிங். எதிர் டீம்ல எவன் பெரிய கார்டோ (பந்த நடத்திட்டு வர்ற ஆளு) அவன கட்டுப்படுத்தற வேல இவரோடது. தினமும். 24 பேர் ஓட்டு போடற கமிட்டில 18 வாங்கணும், இந்த மாதிரி லிஸ்ட் கைல இருந்தா வாங்கிடலாம்.

கூப்பரும் இதே ஜாதகம்தான். ஒரு தடவ கூட ஆல்ஸ்டார் ஆனதில்ல, ஆவரேஜ் 8.9, ஆனா எட்டு தடவ ஆல் டிஃபென்சிவ் டீம் (அந்த வருஷத்தோட சிறந்த டிஃபெண்டர்கள் பட்டியல்), 1987ல லீக்லயே பெஸ்ட் டிஃபெண்டர் அவார்டு, அஞ்சு ரிங். செல்டிக்ஸ் ஸ்டார் லாரி பேர்டே என்ன நல்லா கட்டுப்படுத்துனது கூப்பர்தான்னு சொல்லியிருக்காரு. அதுவும் என்பிஏல ஆடி முடிச்சு 34 வருஷம் காக்க வெச்சுட்டுத்தான் குடுத்தாங்க, அது வேற வயித்தெரிச்சல். சீசன் ஆரம்பத்துல, நவம்பர் மாசம் யாரும் பாக்காத ஒரு மேட்ச்லயும் கூப்பர் இதே வேலையத்தான் பண்ணாரு. ரோல் பிளேயர்னா எனக்கு அதுதான்.

ஹோரிக்காக வாதாடணும்னா ஒரு வழி இருக்கு, ஆனா அத அவரோட ரசிகர்களே சரியா சொல்றதில்ல. 1995 பிப்ரவரில ஹூஸ்டன் ஓட்டிஸ் தார்ப்ப குடுத்து கிளைட் டிரெக்ஸ்லர வாங்குனாங்க, பவர் ஃபார்வர்ட் (வளையத்துக்கு கிட்ட நின்னு இடிச்சு ஆடற பெரிய ஆளு) இடத்துல ஆள் இல்ல, அங்க ஹோரிய கொண்டு வந்து நிறுத்துனாங்க. ஒல்லியான ஆளு, உள்ள இடிச்சு தள்ளற உடம்பு கிடையாது, ஆனா வெளிய நின்னு த்ரீ போடுவாரு. அந்த வருஷம் லீக் த்ரீ பாயிண்ட் கோட்ட வேற கிட்ட கொண்டு வந்திருந்தாங்க, அது இன்னும் தோதா போச்சு. ஃபைனல்ஸ்ல ஒர்லாண்டோவோட ஹோரஸ் கிராண்ட் பாவம், ஹூஸ்டன் ஸ்டார் ஹகீம் ஒலாஜுவனுக்கு எதிரா உள்ள உதவிக்கு போனா ஹோரி வெளிய ஃப்ரீ, ஹோரிகிட்டயே நின்னா உள்ள ஹகீம் இஷ்டத்துக்கு ஆடுவாரு. ரெண்டாவது மேட்ச்ல எதிராளி கிட்ட இருந்து பந்த ஏழு தடவ பறிச்சாரு ஹோரி, ஃபைனல்ஸ் ரெக்கார்டு. வெஸ்ட்ல ஆறாவது இடத்துல இருந்து வந்த டீம் 4-0ன்னு கப்ப தூக்குச்சு. இன்னிக்கு லீக்ல பாதி டீமோட பவர் ஃபார்வர்ட் இப்படித்தான் ஆடறான். ஹோரி மட்டுமே கண்டுபுடிச்சாருன்னு சொல்ல முடியாது, ஆனா சாம்பியன்ஷிப் ஜெயிக்கற டீம்ல அது வேல செய்யும்னு காட்டுன ஆள்ல முக்கியமானவரு. லேக்கர்ஸ் கோச் ஃபில் ஜாக்சனும் சரி ஸ்பர்ஸ் கோச் பாபோவிச்சும் சரி, கடைசி ரெண்டு நிமிஷத்துல அவர வெளிய உக்கார வெக்காததுக்கு காரணமும் இதான், டிஃபென்ஸ் தெரியும், பாஸ் தெரியும், எங்க நிக்கணும்னு தெரியும்.

இத ஏத்துக்கிட்டப்புறமும் எனக்கு எங்க இடிக்குதுன்னா, 16 சீசன், 1,107 மேட்ச், ஆல் டிஃபென்சிவ் டீம்ல கூட ஒரு தடவயும் பேரு வரல. கூப்பர் அளவுக்கு தினமும் அந்த வேலைய ஹோரி பண்ணல, ப்ளேஆஃப் தொடங்கற ஏப்ரல் வந்தாதான் முழிப்பாருன்னு லேக்கர்ஸ் ரசிகனே சிரிச்சுக்கிட்டு சொல்லுவான். மத்த மாசமெல்லாம் டீம காப்பாத்துனது வேற ஆளுங்க, அதுல பல பேரு ஏற்கனவே உள்ள இருக்காங்க. அதனால ஓட்டு என்கிட்ட இருந்தா, வருத்தத்தோட, இல்ல.

ஃபிஷர் பத்தி பெருசா யோசிக்க ஒண்ணுமில்ல. 2004 ப்ளேஆஃப்ல லேக்கர்ஸுக்காக 0.4 செகண்ட் மிச்சம் இருக்கும்போது அவரு போட்ட ஷாட் நான் பாத்ததுலயே நம்ப முடியாத ஒண்ணு, ஆனா அந்த வருஷம் கப்பு டெட்ராய்ட்டுக்குத்தான் போச்சு. நல்ல கார்டு, அஞ்சு ரிங், அத்தோட விடுங்க. கெர் 1997 ஃபைனல்ஸ் ஆறாவது மேட்ச்ல ஜோர்டன் குடுத்த பாஸ்ல போட்டத வெச்சு உள்ள போகப் போறதில்ல, வாரியர்ஸ் கோச்சா வாங்குன நாலு சாம்பியன்ஷிப்ப வெச்சு போவாரு, அதுல யாருக்கும் சண்டையில்ல.

நீங்க கேக்காத ஒரு பேரு, ஆண்ட்ரே இகுவோடாலா. கெரியர் பூரா ஸ்டார்ட் பண்ண ஆளு, வாரியர்ஸ்ல பெஞ்சுக்கு போன்னு சொன்னதும் போனாரு, 2015 ரெகுலர் சீசன்ல ஒரு மேட்ச் கூட ஸ்டார்ட் பண்ணல, ஃபைனல்ஸ்ல 2-1 பின்னாடி இருக்கும்போது நாலாவது மேட்ச்ல சென்டர் போகட்ட உக்கார வெச்சு இவர இறக்குனாங்க, எதிர் டீம் ஸ்டார் லெப்ரான் ஜேம்ஸ கட்டுப்படுத்தற வேல, கடைசில ஃபைனல்ஸ் எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்). ஆவரேஜ் 11.3 தான். நாலு ரிங், 2012 ஒலிம்பிக்ஸ் தங்கம். ஹோரிக்கு இல்லன்னு சொன்ன அதே நான் இவருக்கு ரெண்டு கையையும் தூக்குவேன், இதுல முரண்பாடு இருக்குன்னு தோணுச்சுன்னா எழுதுங்க, சண்ட போடலாம்.