நுரைத்தால் கிருமி சாகிறதா? காவடிக்குப் பின் ஆறாத கால் புண்

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் வீட்டுக்காரருக்கு 58 வயது, 12 வருடமாகச் சர்க்கரை. தைப்பூசத்தன்று காவடி எடுத்து வெறுங்காலோடு நடந்தார். இடது பாதத்தில் ஏதோ குத்தியிருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. வீட்டில் கால் கழுவும்போது நான்தான் பார்த்தேன். இன்றோடு 9 நாள். பச்சை கலந்த மஞ்சளாகச் சீழ் வருகிறது. தினமும் இரண்டு வேளை 'ஓ ஒக்ஸிஜெனே' (ஹைட்ரஜன் பெராக்சைடு) ஊற்றச் சொல்கிறார் மாமியார். நுரைத்தால் கிருமி சாகிறது என்பார். ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் அதிகம், எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) 10 என்று வந்திருக்கிறது. கிருமியைக் கொல்லும் அணுக்கள் இத்தனை இருந்தும் புண் ஏன் ஆறவில்லை? தொடர்ந்து ஊற்றலாமா?"

அம்மா, இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே அவரை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். குத்தியதே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, சீழைவிட அந்த வரிதான் எனக்குக் கவலை தருகிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று பொருள். அந்தக் காலில் வலி இல்லாததை வைத்துப் புண்ணின் ஆழத்தை அளக்க முடியாது. காய்ச்சல், குளிர் நடுக்கம், காலில் மேலே ஏறும் சிவப்பு, கறுத்த தோல், துர்நாற்றம், இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம்தான், செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி. அணுக்கள் அதிகம் இருப்பது ஒன்று, அவை கிருமியைக் கொல்வது வேறு.

புண்ணுக்கு முதலில் ஓடிவரும் வெள்ளை அணுக்களுக்கு நியூட்ரோபில் என்று பெயர். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களைச் செய்து அனுப்புகிறது. அவை கிருமியை விழுங்கி, உள்ளே ஒரு சிறு பையில் அடைக்கின்றன. விழுங்கியதும் அந்த அணு வழக்கத்தைவிடப் பல மடங்கு ஆக்சிஜனை இழுக்கிறது. 1933இலேயே இதைக் கண்டார்கள். ஆனால் உழைப்புக்காக மூச்சு வாங்குகிறது என்றுதான் அப்போது நினைத்தார்கள். அந்த ஆக்சிஜன் கிருமியைக் கொல்லும் வேலைக்கே போகிறது என்பது பிறகுதான் விளங்கியது.

பையின் சுவரில் என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. அது ஆக்சிஜனோடு ஓர் எலக்ட்ரானைச் சேர்த்து சூப்பர் ஆக்சைடாக மாற்றுகிறது. சூப்பர் ஆக்சைடிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கிறது. உங்கள் மாமியார் ஊற்றச் சொல்லும் ஓ ஒக்ஸிஜெனே இதே பொருள்தான்! அடுத்து மயலோபெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதி, அந்தப் பெராக்சைடையும் உடம்பின் உப்பில் உள்ள குளோரைடையும் சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலம் செய்கிறது. நாம் தரை கழுவும் ஜாவெலில் (பிளீச்) கிருமியைக் கொல்வதும் அதுதான்.

மயலோபெராக்சிடேஸின் நிறம் பச்சை. சீழில் இறந்துகிடக்கும் நியூட்ரோபில்கள் ஏராளம். ஆகவே சீழில் லேசான பச்சை தெரிவது, அணுக்கள் அங்கே வந்து வேலை செய்ததற்கான தடயம். அதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீலம் கலந்த பச்சையாகக் கட்டுத்துணியில் கறை படிந்து, இனிப்பான ஒரு நாற்றமும் வந்தால் அது சூடோமோனாஸ் என்ற கிருமியாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. டாக்டரிடம் நிறத்தையும் வாடையையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அதே பைக்குள் வேறு நொதிகளும் வந்து கொட்டுகின்றன. லைசோசைம் கிருமியின் சுவரை அறுக்கும். 1922இல் அலெக்சாண்டர் பிளெமிங் சளியில் கண்டெடுத்த நொதி இது, நம் கண்ணீரிலும் உண்டு. எலாஸ்டேஸ், கதெப்சின் ஜி ஆகியவை புரதத்தை வெட்டும். லாக்டோஃபெரின் என்ற புரதம் கிருமிக்குத் தேவையான இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிருமியைக் கொல்வது ஆக்சிஜனிலிருந்து வந்த ரசாயனங்களா, இந்த நொதிகளா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. ஆக்சிடேஸ் வேலை செய்யும்போது பொட்டாசியம் பைக்குள் இழுக்கப்படுகிறது, அதனால்தான் நொதிகள் கட்டவிழ்கின்றன என்று லண்டனில் அந்தோணி சீகலின் குழு 2002இல் வாதிட்டது. என் கருத்தில் இரண்டும் சேர்ந்துதான் கொல்கின்றன. எப்படிப் பார்த்தாலும் தொடக்கம் அந்த ஆக்சிடேஸ். பிறவியிலேயே அது பழுதான குழந்தைகள் உண்டு. அவர்கள் ரத்தத்தில் நியூட்ரோபில்கள் குறைவதில்லை, கிருமியை விழுங்கவும் செய்கின்றன. ஆனால் பல கிருமிகளைக் கொல்ல முடியாமல், சீழ்க்கட்டிகள் திரும்பத் திரும்ப வரும். மயலோபெராக்சிடேஸ் மட்டும் இல்லாதவர்களோ பெரும்பாலும் தொந்தரவின்றியே வாழ்கிறார்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்குப் பிறவிக் கோளாறு இல்லை. ஆனால் அந்த ஆக்சிடேஸுக்கு இரண்டு பொருள் வேண்டும்: ஆக்சிஜன், பிறகு எலக்ட்ரான் கொடுக்கும் என்ஏடிபிஎச். பல வருடச் சர்க்கரையில் காலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிப்போனால் ஆக்சிஜன் புண்வரை போய்ச் சேராது. புகைபிடித்தால் இன்னும் மோசம். ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால், உடம்பு அதில் ஒரு பங்கைச் சார்பிட்டால் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. அந்த மாற்றத்துக்கும் இதே என்ஏடிபிஎச்தான் செலவாகிறது. அணுக்கள் புண்ணைத் தேடி வரும் வேகமும், விழுங்கும் திறனும்கூடக் குறைகின்றன. மூட்டை மூட்டையாக அரிசி இருக்கிறது, அடுப்பெரிக்க விறகில்லை. உங்கள் ரத்த ரிப்போர்ட் மூட்டைகளை எண்ணிச் சொல்கிறது, அவ்வளவுதான். எச்பிஏ1சி 10 என்பது நெடுநாளாகச் சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்று காட்டுகிறது. மருந்தைக் கூட்டவோ, கொஞ்ச நாளைக்கு இன்சுலின் போடவோ டாக்டர் சொன்னால் மறுக்காதீர்கள். புண்ணுக்கு அதுவும் மருந்துதான்.

உடம்பே பெராக்சைடு செய்கிறதென்றால் நாமும் ஊற்றினால் என்ன என்று தோன்றும். நியூட்ரோபில் அதைக் கிருமியை அடைத்த பைக்குள் துளித்துளியாகச் செய்கிறது. '10 வொலியூம்' என்று எழுதிய புட்டியில் இருப்பது 3 சதவிகிதப் பெராக்சைடு. அதைப் புண் முழுக்கக் கொட்டினால், ஓரத்திலிருந்து வளர்ந்து வரும் புதுத் தோல் அணுக்களும் சேர்ந்து சாகின்றன. நுரையும் கிருமி சாவதற்கு அடையாளம் அல்ல. நம் ரத்தத்திலும் சதையிலும் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும்போது எழுவதே அந்த நுரை. கிருமியே இல்லாத சுத்தமான ரத்தத்தில் விட்டாலும் பொங்கும். சீழ்ப்புண்களில் அதிகம் காணும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியிடமும் கேட்டலேஸ் உண்டு. தன் மேல் விழும் பெராக்சைடை அதுவும் உடைத்துக்கொள்ளும். ஆழமாகக் குத்திய துளைக்குள் ஊற்றுவது இன்னும் ஆபத்து. குமிழிகள் ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்த சம்பவங்கள், அரிதென்றாலும், நடந்திருக்கின்றன.

ஆகவே நிறுத்திவிடுங்கள். டாக்டரைப் பார்க்கும்வரை காய்ச்சி ஆறிய தண்ணீரிலோ சலைனிலோ கழுவி, ஒற்றித் துடைத்து, சுத்தமான காஸ் துணியால் மூடுங்கள். வெந்நீரில் காலை ஊற வைக்காதீர்கள், சூடு அவருக்குத் தெரியாது. மஞ்சள் விழுது வேண்டாம். விபூதி நெற்றியில் இருக்கட்டும், புண்ணில் வேண்டாம். அந்தக் காலை ஊன்றி நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: பாதத்தில் நாடித் துடிப்பு எப்படி, உள்ளே முள்ளோ கண்ணாடியோ தங்கியிருக்கிறதா, எலும்புவரை போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே வேண்டுமா, டெட்டனஸ் ஊசி போட வேண்டுமா. மாமியாரிடம் கோபிக்காதீர்கள். ஒரு காலத்தில் டாக்டர்களும் இதைத்தான் ஊற்றினார்கள்.

அடுத்த தைப்பூசம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அது நம் தீவில் கோடைக்காலம். தார் ரோடு கொதிக்கும், உணர்ச்சியில்லாத பாதம் வெந்தாலும் தெரியாது. அதற்கு முன்பே நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ளட்டும். இழை தொடுவது தெரியவில்லை என்றால் ரோட்டில் வெறுங்கால் கூடாது. நேர்த்திக்கடனைக் கோவில் வாசலிலிருந்து சன்னதிவரை மட்டும் காவடி சுமந்து செலுத்தலாமா என்று உங்கள் கோவில் குருக்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.