உள்ளே வைக்கும் மருந்தா, நுரையா?

கேள்வி: வயது 36, உப்புவெளி. ஆறு மாதமாக மலத்தோடு இரத்தமும் சளியும் போனது. கமரா விட்டுப் பார்த்ததில் குடலின் கடைசி 12 சென்ரிமீற்றரில் மட்டும் அழற்சி, அல்சரேட்டிவ் கொலைற்றிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நீண்டகால நோய்) என்றார்கள். இரவில் மலவாசலுக்குள்ளே வைக்க, அழற்சியைக் குறைக்கும் மெசலசின் 1 கிராம் (சப்போசிற்றரி) தந்தார்கள். பல நாள் வெளியே வந்துவிட்டது, விட்டுவிட்டேன். தெரிந்தவர் ஒருவர் ஸ்டீரொய்ட் நுரை பாவிக்கிறார். மாறலாமா? வாயால் போடும் குளிசை போதாதா?

பதில்: இப்போதைக்கு மாற வேண்டாம். தந்த மருந்து சரி, வைக்கும் முறையில்தான் பிசகு.

முதலில் தூரம். உள்ளே வைக்கும் வகை மலக்குடலோடு நின்றுவிடும். நுரை அதற்கு மேலே சிக்மொயிட் (மலக்குடலுக்கு மேலுள்ள பெருங்குடல் பகுதி) வரை ஏறும். 60 முதல் 100 மில்லிலீற்றர் வரும் எனிமா, அதாவது மலவாசலால் ஏற்றும் நீர் மருந்து, மண்ணீரலுக்குக் கிட்டேயுள்ள பெருங்குடலின் இடப்பக்க வளைவு வரை எட்டக்கூடும். 12 சென்ரிமீற்றருக்கு முதலாவதே காணும். வீங்கிய மலக்குடலால் அவ்வளவு நீரைத் தாங்கவும் முடியாது. வாயால் போடும் மெசலசினில் அடிக்குடலுக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான். ஆனால் 4 வாரம் ஒழுங்காக வைத்தும் அடங்காவிட்டால் அதையும் சேர்ப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் பலன் கூட.

ஸ்டீரொய்ட் நுரை கெட்டதல்ல, ஆனால் இரண்டாவது வரிசை. அடிக்குடல் அழற்சியை அடக்குவதில் மெசலசின் முந்தி நிற்கிறது. அது ஒத்துவராதவர்களுக்குச் சில வாரங்கள் ஸ்டீரொய்ட் கொடுப்போம். நோய் திரும்ப வராமல் காக்க அது உதவாது.

இனி வைக்கும் முறை. மலம் கழித்துவிட்டு, படுக்கப் போகும் நேரம் வையுங்கள். தண்ணீரில் ஒருக்கால் நனைத்து, இடப்பக்கம் சரிந்து, வலது முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடித்துக்கொண்டு, விரலின் இரண்டு கணு உள்ளே போகும் வரை தள்ளுங்கள். வாசலிலேயே விட்டால் சுருக்குத் தசை வெளியே தள்ளிவிடும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். பிறகு அரை மணித்தியாலம் எழும்பாதீர்கள். 10 நிமிடத்துக்குள் முழுதாக வந்துவிட்டால் இன்னொன்று வைக்கலாம். காலையில் வெள்ளையாக ஒழுகுவது மருந்தின் மிச்சம், உடுப்பில் கறை பிடிக்கும். இந்த நோயிலும் மேலே மலம் இறுகி நிற்பதுண்டு. முக்கினால் மருந்தும் வெளியே வரும், கிளினிக்கில் சொல்லுங்கள்.

கச்சான் காற்றுக் காலத்தில் தகரக் கூரை வீட்டில் கொழுப்பில் செய்த வகை இளகிவிடும். பெட்டியில் போட்டிருக்கும் வெப்பநிலையைப் பாருங்கள். உருகி மறுபடி உறைந்ததைப் பாவிக்க வேண்டாம். அதே பெட்டியடியில் வலிக்கு வைக்கும் டைக்ளோபெனக்கும் கிடந்தால் தனியே எடுத்துவையுங்கள். மாறி வைத்தால் குடல் மோசமாகும்.

இரத்தம் நின்றதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எத்தனை இரவுக்கு ஒருக்கால் வைத்தால் போதும் என்பதை உங்கள் வைத்தியர் குறைத்துத் தருவார். அஸ்பிரின் ஒவ்வாமை இருந்தால் முன்னமே சொல்லுங்கள். சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையும் தேவை. மருந்து வைத்த பிறகு வயிற்றோட்டமும் வலியும் கூடினால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள், சிலருக்கு மெசலசினே குடலைக் கிளறும்.

நாளுக்கு ஆறு தடவை அல்லது அதற்கு மேல் இரத்தத்தோடு போய், காய்ச்சலோ நாடி 90க்கு மேலோ இருந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள்.