ஐந்து மொழி வாசல்

வணக்கம் ஐயா,

பெரு நாட்டில் கஸ்கோவுக்குப் பக்கத்தில் உள்ள ஆண்டவாய்லில்யாஸ் தேவாலயத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வத்திக்கானில் ஓவியங்களுக்குப் பேர்போன சிஸ்டைன் சிற்றாலயத்தோடு ஒப்பிட்டு, ‘ஆண்டீஸ் மலைநாட்டின் சிஸ்டைன்’ என்று கொண்டாடுகிறார்கள், சரி. அந்த மண்ணை ஆண்ட இன்காக்களின் சாமியை உடைத்த ஸ்பானியர்கள் கட்டியதுதானே அது? அந்தப் பொன்பூச்சில் மயங்குவது, அடித்தவனையே மெச்சுவதாக ஆகாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. அதற்கான சாட்சி அந்தக் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. வாசற்சுவரின் உட்பக்கம் 1620களில் லூயிஸ் தெ ரியான்யோ வரைந்த ஓவியத்தில் இரண்டு பாதைகள். முள் கிடக்கும் பாதை மோட்சத்துக்குப் போகிறது, பூத்தூவிய பாதை நரகத்துக்கு. பூசை முடிந்து வெளியே போகிறவர்கள் கண்ணில் கடைசியாகப் படுவது அதுதான். பயமுறுத்தவே வரைந்திருக்கிறார்கள்.

ஆனால் நான் மயங்கியது பொன்னில் இல்லை. ஞானஸ்நான அறையின் வாசலைப் பாருங்கள். ‘பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்’ என்ற ஒரே வாக்கியம் அதைச் சுற்றி ஐந்து மொழிகளில் எழுதப்பட்டிருக்கிறது: லத்தீன், ஸ்பானிஷ், அப்புறம் ஆண்டீஸ் மக்களின் மொழிகளான கெச்சுவா, அய்மாரா, புக்கினா. லத்தீன் உச்சியில். அய்மாராவும் புக்கினாவும் கீழே, தூண்களில். யார் மேலே, யார் கீழே என்பதை அந்த வாசலே சொல்லிவிடுகிறது.

அந்த ஊர்ப் பங்குத்தந்தையாக இருந்த ஹுவான் பெரெஸ் பொகானெக்ராவின் சடங்கு நூல் 1631இல் லிமாவில் அச்சானது. அதில் நான்கு குரல்களுக்கு அமைந்த ஒரு கெச்சுவாப் பாட்டு இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் அச்சேறிய முதல் பல்குரல் பாட்டு அது. மாதாவை அதில் ‘கட்டாச்சில்யாய்’ என்று கூப்பிடுகிறார்கள். அது ஆண்டீஸ் மக்கள் தங்கள் வானத்து நட்சத்திரத்துக்கு வைத்த பெயர். பழைய வானம் புதிய சாமியின் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது புக்கினாவிடம்தான். 1575இல் ஸ்பெயின் அரசரின் பிரதிநிதியாகப் பெருவை ஆண்ட வைஸ்ராய் தொலேதோ கெச்சுவா, அய்மாராவோடு சேர்த்து அதையும் பொதுமொழி என்று ஏற்றார். இன்று அதைப் பேச ஒரு ஆள் இல்லை. லூயிஸ் ஹெரோனிமோ தெ ஓரே என்ற பாதிரியார் 1607இல் நேப்பிள்ஸில் அச்சிட்ட நூலில் சில ஜெபங்கள், பொலிவியாவின் கல்யாவாயா வைத்தியர்களுடைய ரகசிய மொழியில் கொஞ்சம் சொற்கள், அப்புறம் இந்தத் தூண். எஞ்சியது ஏறக்குறைய இவ்வளவுதான். ஆட்டிப்படைத்தவர்கள் எழுதிவைத்த எழுத்துதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு மக்கள் பேசிய பேச்சு அதில் ஒரு வரியாவது நிற்கிறது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு போக என்னால் முடியவில்லை.

பொன் பீடத்தை விடுங்கள். அந்தத் தூணின் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.